மைனி பார்த்த பேசாப் படங்கள்

மைனி,

இன்று காலை பயாஸ்கோப்பு வண்டி நம் தெருவுக்கு வந்தது. ஒருவன் தம்பட்டத்தைப் பிளந்து கட்ட, இன்னொருவன் மஞ்சள் நோட்டீசை அள்ளி வீச, வழக்கமான அமர்க்களம்தான். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்துவிட்டதல்லவா, பக்கத்து ஊர் கொட்டாரத்து வயலில் மறுபடியும் கொட்டகை போட்டுவிட்டார்கள். ஒரு நோட்டீசு காற்றில் பறந்து அடுக்களை வாசலில் விழுந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். அதே மை வாசனை. உங்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தால் வருமே, அது. நோட்டீசை எட்டாக மடித்து அதற்குள்தானே வைத்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்லி வழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பைய வருகிறேன்.

பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல் உங்கள் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் இந்த வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வாசலில் வந்து நிற்கிற முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு வெகுநாள் அது மாயமாக இருந்தது. கேட்டதற்கு என் கையைப் பிடித்து இழுத்து, அடுக்களை மூலையில் இருந்த செம்புக் குடத்தின் மேல் வைத்தீர்கள்.

"தண்ணியப் பாத்தியா? கிடுகிடுண்ணு நடுங்குது. எனக்கு இதாக்கும் காது."

நீங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நானும் இந்த வீட்டில்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வைத்திருந்தார். கல்யாணம் ஆகியும் எனக்குப் பிறந்த வீட்டுச் சோறுதான். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முறைக்குத்தான் நீங்கள் மைனி. வந்த புதிதில் வீட்டார் எல்லாரும் உங்களிடம் பேசியது மூன்றே சொல்: வா, போ, சோறு. அதுவும் கையால். ஊரில் யார் யாரோடு சண்டை, யார் வீட்டில் எது களவு போயிற்று என்று முற்றம் முழுக்கப் பேச்சு நடக்கும். நீங்கள் நடுவில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு வாய்ப் பேச்சு உங்கள் பக்கம் வராது. உங்களுக்கு வாய் அசைவைப் பார்த்தே பேச்சு விளங்கும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு வருடம் ஆயிற்று. வெட்கக்கேடுதான்.

அண்ணன் ஒரு தனிக் கதை. காது கேளாதவளிடம் தொண்டை கிழியக் கத்தினால் கேட்டுவிடும் என்று கடைசிவரை நம்பிய மனிதர். போதாததற்கு அந்த மீசை. மேலுதட்டை மூடி, கீழுதட்டிலும் பாதியை மூடி, சோற்றுக்கு மட்டும் வழிவிடும் மீசை. "ஒங்க அண்ணன் பேசினா மீசதான்டி ஆடுது. உள்ள என்ன நடக்குண்ணு ஆரு கண்டா?" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். ஒரு நாள் சிரிக்காமல் கேட்டீர்கள். "கொஞ்சம் கத்தரிக்கச் சொல்லு மக்கா. நீ சொன்னா கேப்பாரு."

நான் போய்ச் சொன்னேன். அண்ணன் குதித்தார். "மீசைய எடுக்கதுக்கு நான் என்ன கூத்தாடியா? வீட்டுல ஆராவது செத்தாத்தான் மீசையில கத்தி வைக்கணும். அப்பன் செத்தப்பம் எடுத்தேன். இனி ஆரு செத்து நான் எடுக்க?"

அவர் பொல்லாதவர் அல்ல, மைனி. நம் ஊரில் எல்லா ஆண்பிள்ளைகளும் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தப் பதிலை உங்களிடம் அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பாக்கலாம்ணு சொன்னாரு" என்றேன். நான் பொய் சொன்னால் உதடு ஒரு பக்கம் கோணும் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்படி இருந்த காலத்தில்தான் கொட்டாரத்துக்கு முதல் கொட்டகை வந்தது. அண்ணன் ஏதோ ஒரு நல்ல மனநிலையில் சரி என்றுவிட்டார், வில்வண்டி பூட்டிக்கொண்டு போனோம். பெண்களுக்கு இடதுபக்கம், நடுவில் ஓலைத்தட்டி, கீழே வயல் மண். படம் ஓட ஆரம்பித்ததும் நான் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். நீங்கள் என் தொடையில் ஓங்கி அடித்தீர்கள். "ஏட்டி! ஒரு ஆளுக்க வாயி கதவு அகலத்துக்குத் தெரியுது! மீசையும் இல்ல!"

அதற்கப்புறம் உங்களைப் பிடிக்க முடியுமா?

அந்தக் காலத்துப் படம் பேசாது. திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்போடு ஒருவர் நின்று கதையை விளக்குவார். நல்ல கனத்த குரல். ஒரு புராணப் படத்தில் சாமி பிரத்தியட்சமாகி வரம் கொடுக்கிற கட்டம். விளக்கக்காரர், "பக்தா, உன் தவத்தை மெச்சினோம்!" என்று முழங்குகிறார். கொட்டகையே கையெடுத்துக் கும்பிடுகிறது. நீங்கள் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறீர்கள். எனக்கு உயிர் போய்விட்டது. பக்கத்துப் பெண்கள் முறைத்தார்கள்.

"மெச்சவும் இல்ல, மண்ணும் இல்ல," என்றீர்கள், உங்கள் குரலின் அளவு உங்களுக்குத் தெரியாதாகையால் தட்டிக்கு அந்தப்பக்கமும் கேட்டது. "'காலு உளையுது, சீக்கிரம் முடியும்வே'ண்ணாக்கும் சாமி சொல்லுகாரு!"

முறைத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்க ஒரே சிரிப்பு. நடிகர்களுக்குத்தான் சத்தம் பதியாது என்று தெரியுமே, வாய்க்கு வந்ததைப் பேசி வைத்திருக்கிறார்கள். அரக்கன் பசிக்கிறது என்றான். ராணி பக்கத்தில் நின்ற தோழியை மூதேவி என்றாள். அன்று முதல் பெண்கள் நம்மைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். "அக்கா, இப்பம் என்ன சொல்லுகான்?" "அக்கா, அவ என்னத்துக்கு அழுகா?" விளக்கக்காரர் ஒரு நாள் தட்டிக்கு மேலாகத் தலையை நீட்டி, "ஆரும்மா அங்க எனக்க பிழைப்பக் கெடுக்கது?" என்று கேட்டே விட்டார்.

பயறு உடைத்த கை அன்று ஊருக்கே கதை சொன்னது. வீட்டில் மூன்று சொல்லுக்கு மேல் கிடைக்காதவளிடம் ஐம்பது பெண்கள் வாய் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

நாம் இருவரும் ஒத்துப்போனதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு வெள்ளைக்காரன் படம் பிடிக்கும். குதிரை ஓட வேண்டும், பின்னால் பத்துக் குதிரை துரத்த வேண்டும், ரயிலிலிருந்து ஒருவன் குதிக்க வேண்டும். கதை எப்படிப் போனால் என்ன? உங்களுக்கு அதில் சலிப்பு. "குதிரைக்கு என்னட்டி பேச்சு இருக்கு? மூஞ்சியக் காட்டச் சொல்லு" என்பீர்கள். காற்று வீசும் நாளில் ஓடும் படங்களையும் உங்களுக்குப் பிடிக்காது. ஆரல்வாய்மொழிக் காற்று வந்து திரையை உலுக்கும், கதாநாயகன் வாய் காதுவரை போகும், திரும்பி வரும். "இண்ணைக்கு எல்லாரும் திக்குவாயனுவ" என்று பாதியிலேயே முகத்தைச் சுளிப்பீர்கள்.

பிறகு டாக்கி வந்தது.

நாகர்கோவிலில் போட்டிருந்தார்கள். படம் பேசுகிறது, பாடுகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நான்தான் உங்களை அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். படம் பேசினால் யாருக்கு நஷ்டம் என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவள், எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

டாக்கியைப் பற்றி என் அபிப்பிராயம் இருக்கட்டும், சொல்லத்தான் செய்வேன். எல்லாரும் நட்டுவைத்த கம்பாக நிற்கிறார்கள். படம் எடுக்கிற பெட்டி ஒரு காத தூரத்தில் நிற்கும் போலிருக்கிறது, முகம் கொட்டைப்பாக்கு அளவு. கோபம் வந்தால் பாட்டு, பசித்தால் பாட்டு, சாகக் கிடக்கிறவளும் நாலு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாகிறாள். ஆனால் முதல் நாள் இதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. பாட்டில் சொக்கி உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்து வண்டியில் ஏறிய பிறகுதான் உங்கள் ஞாபகம் வந்தது.

"நல்லாருந்துதா?" என்று நீங்கள்தான் என்னைக் கேட்டீர்கள். "நீ ரெண்டு தடவ அழுத. ஒரு தடவ தலைய ஆட்டி ஆட்டி ரசிச்ச. நான் ஒன்னத்தான் பாத்துட்டு இருந்தேன். கொள்ளாம்."

நன்றாக இருந்தது என்கிற அந்தக் 'கொள்ளாம்' இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. பாடுகிறவன் வாயை 'ஆ' என்று திறந்து வைத்துக்கொண்டால் அதில் நீங்கள் எதை வாசிக்க? கொட்டகையில் அத்தனை பேருக்கும் எல்லாம் விளங்கியது, உங்களைத் தவிர. யாரும் 'அக்கா, என்ன சொல்லுகான்' என்று கேட்கவில்லை. மறுபடியும் முற்றத்தில் பயறு உடைக்கிற இடத்துக்கே உங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். கொண்டுபோனது நான்.

அடுத்த தடவை வண்டி வந்தபோது குடம் நடுங்கியது. நீங்கள் வாசலுக்கு வரவில்லை. தலைவலி என்றீர்கள். அதற்கடுத்த தடவையும் தலைவலி. மூன்றாம் தடவை நான் உங்கள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் திருப்பி, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன்: "நான் சொல்லுகேன், வாங்க."

அதன்பிறகு எத்தனை டாக்கி! திரைக்குப் பாதி முதுகைக் காட்டி, உங்களைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். அங்கே பேசப் பேச இங்கே நான் ஓசையில்லாமல் வாயசைப்பேன். பாட்டு வந்தால், "பாட்டு. சாமியக் கும்பிடுகா. முடியல்ல. இன்னும் முடியல்ல" என்பேன். நீங்கள், "தண்ணி குடிச்சிட்டுப் பாடச் சொல்லு" என்று உரக்கச் சொல்ல, முன்வரிசை திரும்பிப் பார்க்கும். சத்தியமாகச் சொல்கிறேன், எந்த டாக்கியையும் நான் முழுசாகப் பார்த்ததில்லை. பாதிப் படம் திரையில், மீதி உங்கள் முகத்தில். அந்தப் பாதிதான் நன்றாக இருந்தது. நீங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்துவிட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன ஐப்பசி மழையில் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்று உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தார். நீங்கள் அந்த மீசையையே பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் அவர் சொன்னதை வாயசைத்துச் சொன்னேன். "எந்திரி, எந்திரிண்ணு சொல்லுகாரு." நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள்.

பிள்ளை இல்லாத வீடு. அண்ணன்தான் கொள்ளி வைத்தார். அதற்கு முன்னால் குளத்தங்கரையில் உட்கார வைத்து, முறைப்படி தலையையும் மீசையையும் மழித்தார்கள். திரும்பி வந்தவரைப் பார்த்து நான் திகைத்து நின்றேன். பதினாலு வருடமாக நீங்கள் தேடிய வாய் அது. சின்ன வாய், மைனி. மெல்லிய உதடு. முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தாலே ஒவ்வொரு சொல்லும் தெரிந்தது. 'ஆரு செத்து நான் எடுக்க' என்று கேட்டாரே, அவர் உங்கள் பாடைக்குப் பக்கத்தில் நின்று அந்த வாயால் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பேச்சு உங்களுக்கு உள்ளது.

நாலு மாதம் ஆகிவிட்டது. அண்ணன் மீசை வைக்கவில்லை. நாவிதர் வரும்போதெல்லாம் எடுத்துவிடுகிறார். ஊரில் கேட்டார்கள், நானும் கேட்டேன். "வெக்கை" என்றார். மாசி மாதத்தில் என்ன வெக்கை? அவருக்கும் பொய் சொன்னால் உதடு ஒரு பக்கம் கோணுகிறது. எங்கள் குடும்பத்துக்கே உள்ளதோ என்னவோ.

இனி சேதிக்கு வருகிறேன். இன்று காலை தம்பட்ட வண்டி நம் வாசலுக்கு நேரே நின்றது. நாலு ஊருக்குக் கேட்கும் சத்தம், பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. நான் நோட்டீசோடு நிமிர்ந்தபோது அண்ணன் அடுக்களைக்குள் நின்றார். அவர் அடுக்களைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. செம்புக் குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் மூலையைப் பார்த்து நின்றார். அந்தக் குடத்தின் கதை அவருக்குத் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாயைத் திறந்தார். கத்தவில்லை, அது கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. பைய, ஒவ்வொரு சொல்லாக, உங்களுக்குச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னார். தம்பட்டத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. நீங்கள் கற்றுத்தந்த கண் இருந்ததால் நான் வாசித்தேன். உங்களுக்கு எடுத்துச் சொல்வது என் முறை. அண்ணன் கேட்டது இவ்வளவுதான், மைனி:

"படம் வந்திருக்கு. போறியா?"