பத்து மணிக்கு ஹெலிகாப்டர், பதினொன்றுக்கு போன்

மார்ச் 4

இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம். அறைத் தோழர் எங்கள் அமைதிப்படை முகாமின் ஜெனரேட்டர் மெக்கானிக். அவர் குறட்டைக்குத் தினமும் தலையணையை எறிவேன். 'குறட்டை அண்ணன்' என்று பெயர் வைத்ததும் நான்தான். நேற்று உதிரிபாகம் வாங்கப் போனவரைத் தீவிரவாதிகள் ஐந்து பேர் கடத்திவிட்டார்கள். ஒரு பண்ணைவீட்டில் வைத்திருக்கிறார்கள்.

அறை அமைதி. தூக்கம் வரவில்லை.

மார்ச் 5

எங்கள் முகாம் கர்னல் அந்தப் பண்ணைவீட்டைச் சுற்றி வளைத்துவிட்டார். மேலே நாள் முழுக்க ஹெலிகாப்டர். நம் நாட்டுத் தூதரோ பேசித் தீர்க்கலாம் என்கிறார். பேசுவதாம்! மூன்று கூட்டம், ஒன்பது டீ. உள்ளே புகுந்து அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதானே? — என்னை யார் கேட்டது. நான் தகவல் தொடர்பு டெக்னீஷியன்.

மார்ச் 6

தூதர் உள்ளே அனுப்பிய சாட்டிலைட் போனுக்குத் தொடர்பே கிடைக்கவில்லை.

"வேணும்னே அணைச்சு வச்சிருக்கான். நாளைக்கு மதியம் உள்ள போறோம்" என்றார் கர்னல்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், கூரைக்குக் கீழ அந்த போன் வேலை செய்யாது. வெளிய வரணும். ஹெலிகாப்டர் தலைக்கு மேல நின்னா எவன் சார் வருவான்?"

"இத ஏன்பா முன்னாடியே சொல்லல?" — தூதர்.

"யாரும் கேக்கல சார்."

அட்டவணை போட்டேன். பத்து முதல் பதினொன்று ஹெலிகாப்டர். பதினொன்று முதல் பன்னிரண்டு போன். இருவருக்கும் பிடிக்கவில்லை, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒலிபெருக்கியில் அறிவித்தோம்.

மார்ச் 7

11.04க்கு அழைப்பு. ஒரே கரகரப்பு. பொறுமை போய்விட்டது. "யோவ், ஆண்டெனாவ நிமித்துய்யா! இதுகூடவா தெரியாது?"

தூதர் அதை அவர்கள் பாஷையில் சொன்னார். என் ஒரு வரி அவர் வாயில் ஆறு வரி; நடுவில் அம்மாவின் உடல்நலம் விசாரித்த மாதிரி இருந்தது. கரகரப்பு நின்றது.

"ஆள் உயிரோட இருக்காரான்னு கேளுங்க" — கர்னல்.

"தூங்குறாராம்."

"தூங்குறாரா? மழுப்புறான்!" கர்னலின் கை வயர்லெஸ் பக்கம் போனது.

அண்ணனை மெத்தையோடு வெளியே தூக்கி வந்தார்களாம். அப்போதும் எழவில்லையாம். போனை மூக்கருகே வைத்தார்கள். குறட்டை கேட்டது.

"இது ரெக்கார்டிங்" என்றார் கர்னல்.

"இல்ல சார். மூணு தடவ இழுக்கும், நிக்கும், அப்புறம் விசில். அவரேதான்."



மார்ச் 8

ஹெலிகாப்டர். போன். மதியத் தாக்குதல் இன்றும் ஒத்திவைப்பு.

மார்ச் 10

ஐந்து பேரும் சரண். ஹெலிகாப்டரால்தான் என்கிறார் கர்னல். போனால்தான் என்கிறார் தூதர். வெளியே வந்ததும் அவர்கள் தலைவன் கேட்ட முதல் கேள்வி: "ஆண்டெனாவுக்குத் திட்டினது யாரு?" தூதர் மொழிபெயர்த்தார். நான் கர்னலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மார்ச் 11, பிற்பகல்

அண்ணன் வந்து படுத்தவர்தான். தலை கட்டில் ஓரத்தில் தொங்கியது. என் தலையணையை எடுத்துப்போய் அடியில் வைத்தேன்.

மூன்று இழுப்பு. நின்றது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

விசில்.