ஸ்டாண்டை விட்டு முதலில் கிளம்பும் வண்டி

மத்தியானம் கடையடைத்துவிட்டுச் சாப்பிட வருகிறவர் கவனத்துக்கு:

பாலவனத்தத்தில் தங்கச்செல்வி என்று ஒருத்தி இருக்கிறாள். நேற்றிலிருந்து வீட்டுக்காரரோடு பேச்சு கிடையாது. அதனால் இந்தத் துண்டுச் சீட்டில் எழுதிக் கதை சொல்கிறாள்.

இந்த மாசம் அவள் ஊர் சுற்றியதில் குறையே இல்லை. காரியாபட்டியில் பட்டிமன்றம். நடுவர் தொண்டையைச் செருமி, "ஆகவே" என்றார், வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். விருதுநகர் பொருட்காட்சியில் மேஜிக்காரர் ஒரு பெண்ணை இரண்டாக அறுத்தார். ஒட்ட வைப்பதற்குள் கிளம்பியாயிற்று. பாவம், அவள் என்ன ஆனாளோ! நேற்று அருப்புக்கோட்டையில் சினிமா. கொலைகாரன் முகமூடியைக் கழற்றக் கையை வைத்தான். அப்போதும் அதே குரல்தான்: "எந்திரி புள்ள, கூட்டம் கெளம்பிட்டா ஸ்டாண்டுல வண்டிய எடுக்க முடியாது!"

வீடு வரைக்கும் தங்கச்செல்வி அவர் தோளைப் பிடிக்காமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சோறு ஹாட்பாக்ஸில். கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளவும். அப்பளம் கிடையாது.

தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க அவள் முன்னாலேயே டவுனுக்குப் போய்விட்டாள். வாசலில் நிற்கும் வண்டிக்குச் சாவி தேட வேண்டாம். அது இருக்கும் இடம் இந்தச் சீட்டின் கடைசியில் இருக்கிறது. பாதியில் எந்திரிக்கிறவர்களுக்குக் கிடைக்காது.

பின்குறிப்பு: அப்பளம் பொரித்து டப்பாவில் வைத்திருக்கிறது. ரெண்டுதான்.

இன்னொன்று: அதே படத்துக்கு மூணு மணி ஆட்டம், ரெண்டு டிக்கெட் போனிலேயே போட்டாச்சு. சாவி என் பர்ஸில இருக்கு. பஸ்ஸுல வாங்க. தியேட்டர் வாசல்ல நிப்பேன்.