தீவும் ஒரு வாய் தயிரும்

சனிக்கிழமை, இரவு

டிவி தொடரில் வரும் அந்தத் தீவைப் பற்றி என் மனைவி சரளாவுக்கு விளக்கி விளக்கியே தொண்டை வறண்டுவிட்டது. காம்பஸ் காட்டும் ஒரே கோணத்தில் படகை விட்டால்தான் தப்பலாம். கொஞ்சம் விலகினாலும் படகு சுற்றிவந்து அதே கரையில் நிற்கும்.

அவள் தீர்ப்பு வேறு: "சூலம் பாக்காம கிளம்பறானுங்க. அதான் திரும்பித் திரும்பி வந்துக்கினு இருக்கானுங்க."

இன்று மகனுக்குப் பெண் பார்க்க வாலாஜாபாத் கிளம்பினோம். "சனிக்கிழமை கிழக்கே சூலங்க. ஒரு வாய் தயிர் சாப்ட்டுட்டு வண்டிய எடுங்க" என்றாள். "நான் இன்னா படகா ஓட்றேன்?" என்று கேலி பேசிவிட்டுக் காரை எடுத்தேன்.

தேர்த் திருவிழாவுக்காகத் தெருவெல்லாம் அடைப்பு. போலீஸ்காரர் கைகாட்டிய பக்கமெல்லாம் திரும்பினால் மறுபடி மறுபடி அதே கோபுரம், அதே பூக்கடை. "இன்னா சார், கார்லயே பிரதட்சணமா?" என்றாள் பூக்காரம்மா. பின்சீட்டில் புதுச்சட்டையோடு மகன் சிரிக்கவே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. பெண் வீட்டில் காபி கொடுத்தார்கள். பெண்ணைக் காட்டவில்லை. "இன்னொரு நாள் பாக்கலாம்" என்றார் அவள் அப்பா, எந்த நாள் என்று சொல்லாமல்.

வீடு திரும்பியதும் சரளா ஒரு கிண்ணம் தயிரை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

இன்றைய தொடரில் மறுபடியும் படகு கிளம்பியது. "தயிர் சாப்ட்டீங்களாடா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தேன். மகன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தத் தயிரைக் காலையிலேயே இந்த வாயில் போட்டு அடைத்திருந்தால் இரண்டு கேலியும் வெளியே வந்திருக்காது.