அடைக்கும், பிடிக்காது

ஜனவரி 9, வெள்ளி

பல் கிட்டும் குளிர். கேஸ் கசிவைக் காட்டும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் நடந்தேன். பதினோரு வருடமாக இதே வேலை: நடப்பது, முள்ளைப் பார்ப்பது, எழுதுவது. தையல்காரி வீட்டு வாசலில் கருவி கத்தியது. மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. மண்ணுக்குள் ஊர்ந்து வரும்போது கேஸின் நாற்றத்தை மண்ணே தின்றுவிடும். கம்பெனி என் மூக்கை நம்பாமல் கருவி வாங்கிக் கொடுத்தது ஒருவிதத்தில் நல்லதுதான்.

நெட்டை வந்து தோண்டினான். எங்கள் ஃபிட்டர், குழிக்குள் இறங்கினால்தான் என் உயரத்துக்கு வருவான். இரண்டு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கப்ளிங். அதிலிருந்து ஒரு பக்கக் குழாய் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. உடையவில்லை, விரியவில்லை. சும்மா உருவிக்கொண்டு வந்திருந்தது.

உள்ளே தள்ளி முறுக்கினான். சோப்புத் தண்ணீர் ஊற்றினோம், ஒரு குமிழிகூட இல்லை. கருவி பூஜ்யம் காட்டியது.

"இது இன்னைக்குத் தாங்கும், அவ்வளவுதான். வெட்டி எடுத்துட்டு உருக்கி ஒட்டணும் அக்கா" என்றான்.

அப்படியே அறிக்கையில் எழுதினேன்: 'உடனே மாற்ற வேண்டும்.'

தையல்காரி படியில் நின்று கேட்டாள். "அடுப்பு பத்தவைக்கலாமா அக்கா?"

"தாராளமா பத்தவைங்க" என்றேன்.

ஜனவரி 13, செவ்வாய்

இன்னொன்று. இரண்டு தெரு தள்ளி. அதே கறுப்புக் கப்ளிங், அதே உருவல்.

ஜனவரி 14, புதன்

மேலாளர் அறைக்குப் போனேன்.

"மண்ணு நகர்ந்திருக்கும்மா" என்றார்.

"ரெண்டு தெருவுலயும் ஒரே வாரத்துல எங்க சார் நகரும்? அதுக்குக் கால் இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. குளிரில் பிளாஸ்டிக் குழாய் சுருங்கும், நீளக் குழாய் என்றால் விரற்கடைக் கணக்கில் சுருங்கும், சுருங்கும்போது இணைப்பை இழுக்கும், கெட்டியாகப் பிடிக்காத இணைப்பு விட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் என் அறிக்கை. 'உடனே மாற்ற வேண்டும்' அடிக்கப்பட்டு, மேலே அவர் கையெழுத்தில் 'கண்காணிப்பில் வைக்கவும்.'

"பூஜ்யம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்புறம் என்ன அவசரம்?"

எழுதியது நான்தான். 'சரி சார்' என்று வெளியே வந்துவிட்டேன். ஏன் வந்தேன்?

ஜனவரி 22, வியாழன்

ஐயோ.

காலை ஆறேமுக்காலுக்குத் தையல்காரி சமையலறை விளக்கைப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் செய்தாள் — சுவிட்சைத் தட்டினாள். சன்னல் சட்டம் தெருவுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவள் புருஷன் வெளியே குழாயடியில் இருந்ததால் தப்பித்தார். அவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாளாம். அதனால் கண் பிழைத்தது.

குழியை நானே எட்டிப் பார்த்தேன். இந்தத் தடவை குழாய் முழுசாக வெளியே. பதிமூன்று நாள் தாங்கியிருக்கிறது.

தாராளமா பத்தவைங்கன்னு சொன்னவ நான். நான்தான் சொன்னேன்.

ஜனவரி 23, வெள்ளி

கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது: 'வீட்டிலிருந்தவர் அடுப்பைச் சரியாக மூடாததே விபத்துக்குக் காரணம்.'

எவன் எழுதினான் இதை? எவன்? நேற்று தீயணைப்புக்காரர் என் முன்னால்தான் அடுப்பைத் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு திருகும் மூடித்தான் இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னார். குழாயோ குழிக்குள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. கை வெந்து கிடக்கிறவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்கிற தைரியம்தானே?

இன்று தெருவில் ஒரு பெண் என்னிடமே சொல்கிறாள்: "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம், பாவம்." ஒரே நாளில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஜனவரி 26, திங்கள்

ஆஸ்பத்திரி. தையல்காரிக்கு இரண்டு கையிலும் தலையணை மாதிரி கட்டு. பேசும்போது குரல் எழும்பவில்லை.

"நான் மூடினேன் அக்கா. படுக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்தேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு."

"நீங்க மூடித்தான் வச்சிருந்தீங்க. குழாய்தான் விட்டுருச்சு. அது சரியில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

ஆறுதலுக்குச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வாங்கிப்போன பழத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 28, புதன்

சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பின்னால் நெட்டையும் நானும். புதுக் கப்ளிங் ஒன்றில் இரண்டு துண்டுக் குழாயை மாட்டி, காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினோம். குமிழி இல்லை. காற்றை விட்டுவிட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். பெரிய பாடாக இருக்கும் என்று காலை ஊன்றி நின்றேன். உறையிலிருந்து கத்தி வருகிற மாதிரி வந்தது. மல்லாக்க விழுந்தேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "கடைசில ஃபிட்டர் சரியா மாட்டலைன்னு என் தலையில கட்டப் போறாங்க, பாருங்க" என்றான்.

கப்ளிங் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் மடித்த தாள் ஒன்று. செய்தவர்களே அச்சடித்துப் போட்டது: இந்த இணைப்பு கசிவை அடைக்கும், இழுவையைத் தாங்காது, குழாய் நகராதபடி தனியாகக் கட்டி நிறுத்த வேண்டும். கட்டி நிறுத்த வேண்டும் என்று நெட்டைக்கு ஒருத்தரும் ஒருநாளும் சொன்னதில்லை. கிடங்கில் அந்தக் கட்டுச் சாமானே கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் அந்தத் தாள் இருக்கிறது! பிரித்துப் படிக்க ஒரு ஆள் இல்லையா இத்தனை பெரிய கம்பெனியில்?

பிப்ரவரி 3, செவ்வாய்

விபத்தை விசாரிக்க அரசாங்கம் போட்ட அதிகாரிக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, "குடும்பம் இருக்கும்மா உங்களுக்கு" என்றார். தையல்காரிக்கு மட்டும் இல்லையாக்கும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டே, "சொன்னா வேலைக்கு ஆபத்து. சொல்லலைன்னா நீ வீட்டுல எங்களைக் கடிச்சுக் குதறுவே. போய்ச் சொல்லிடு" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

விசாரணை அதிகாரி ஒரு அம்மா. கறாரான ஆள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாளைக் கொடுத்தேன். திருத்தப்பட்ட அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். நெட்டை கைகட்டி நின்று, தனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதைத் திக்காமல் சொன்னான்.

கம்பெனி வக்கீல் என்னிடம் வந்தார். "ஆபத்துன்னு தெரிஞ்சும் அந்த வீட்டுல அடுப்பைப் பத்தவைக்கச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"மேலாளர் மாத்தி எழுதினதைப் பாத்துட்டும் ஒரு வாரம் பேசாம இருந்தீங்க?"

"எட்டு நாள் சார். அதையும் எழுதிக்குங்க. என் தப்பை நான் மறைக்க வரலை. ஆனா அந்த அம்மா அடுப்பு மூடித்தான் இருந்துச்சு. அதை முதல்ல எழுதுங்க."

அதிகாரி எழுதினார்.

மார்ச் 2, திங்கள்

மேலாளருக்கு மாற்றல். தலைமை அலுவலகத்துக்கு! மேல்மாடி, ஏசி அறை. எனக்கும் மாற்றல் — புகார் எழுதும் மேசைக்கு. தண்டனை ஒன்றுதான், மாடிதான் வேறு என்று நெட்டை சொல்கிறான். என்னால் சிரிக்க முடியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. கம்பெனி தன் அறிக்கையை வாபஸ் வாங்க வேண்டும். கறுப்புக் கப்ளிங் இருக்கும் எல்லாத் தெருவையும் தோண்டி மாற்ற வேண்டும். என் பெயருக்கு எதிரே ஒரு கண்டனக் குறிப்பு. இருக்கட்டும்.

ஏப்ரல் 18, சனி

பள்ளிக்கூடத்துப் பின்தெரு முழுக்கப் பள்ளம். பலகை போட்டுத்தான் தாண்டிப் போனேன். தையல்காரி எதிர்வரிசையில் ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. மெஷினில் அவள் புருஷன். "நேரா ஓட்டுங்கன்னா பாம்பு மாதிரி ஓட்டுறீங்களே!" என்று அவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது. சிரிக்கவில்லை. போய்விடலாமா என்று நினைத்தேன்.

அளவு கொடுக்க ஒரு பெண் நின்றிருந்தாள். தையல்காரி பென்சிலையும் நோட்டையும் முழங்கையால் என் பக்கம் தள்ளினாள்.

"இவருக்கு எழுத்து கோணல். நான் சொல்றேன், எழுதுங்க. தோள் பதினாலரை."

உட்கார்ந்து எழுதினேன்.