லயத்துக்கு வந்த பெரிய தொரை

என் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி புஷ்பத்துக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ விமானம் ஏறுவதற்கு முந்தின வாரமே சொன்னேன். கம்ப்யூட்டர் என்று ஒரு சாமான் நம்ம லயத்து வரிசை வீட்டுக்கு வரும், உன் மகள் சாந்தினி அதன் முன்னால் உட்காருவாள், சனம் அவளைத் தேடி வரும் என்றேன். நீ நம்பவில்லை. நிவித்திகலப் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லை முதன்முதலில் சொன்னவன் உன் அண்ணன்தான். வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பார். யாரைப் போய்க் கேட்பாய், பாவம்.

உன் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போடலாம் என்று உன் அண்ணி சொன்னாள். படத்துக்குக் கீழே நாலு வரி எனக்குக் காணாது, சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் பத்திரிகைக்கு இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல சாந்தினி தட்டுகிறாள். எதில் என்கிறாயா? தொரையில்தான்.

நீ போனில் அரைகுறையாகக் கேட்ட கதையை இப்போது முழுசாகக் கேள். நீ அனுப்பிய காசில் இரத்தினபுரியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினோம். பிள்ளை உன்னைப்போல அரபு நாட்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கூடாது என்றுதானே அனுப்பினாய். கடைக்காரன் என்னைக் கண்டதும் எழுந்து நின்று "சேர்" என்றான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பெரிய டீவி மாதிரிச் சாமானை நான் ஒருத்தனே தலையில் வைத்து இறப்பர் மலை ஏறினேன். வழியில் ஒரு காட்டுப் பன்றிக் கூட்டம் ஒதுங்கி நின்றது. மழைக்காலம்தான், ஆனால் ஒரு அட்டை கூட அன்றைக்கு என் காலில் ஏறவில்லை.

மேசையில் வைத்ததும் சாந்தினி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைக்கப் பார்த்தாள். விடுவேனா? அவள் பிறந்து முப்பதாம் நாள் அவளை மடியில் போட்டு மூன்று தரம் காதில் பேர் சொன்னவன் நான். இந்த வீட்டில் பேர் வைப்பது தாய்மாமன் உரிமை. அதே முறைப்படி சந்தனம் பூசினேன், சூடம் காட்டினேன். காதில் சொல்லக் குனிந்தபோதுதான் தடங்கல். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"மொதல்ல காது எங்கன்னு கடைக்காரன்கிட்ட கேட்டுட்டு வாங்க," என்றாள் உன் அண்ணி.

பிளொப்பி போடுகிற சந்தில் வாயை வைத்து மூன்று தரம் சொன்னேன்: பெரிய தொரை, பெரிய தொரை, பெரிய தொரை. பங்களாவில் இருக்கிற தோட்டத்துத் தொரையைப் போலவே இதுவும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. தமிழ் தெரியாது. கூப்பிட்டவுடன் எழும்பாது, அது யோசித்து முடிக்கும் வரைக்கும் நாம் கைகட்டி நிற்க வேண்டும். இதைவிடப் பொருத்தமாக யார் பேர் வைப்பார்கள்?

போனில் சொன்னபோது நீ சிரித்தாய். "வீட்டுக்குள்ளயே தொரைய வேலைக்கு வச்சிட்டீங்களே அண்ணே," என்றாய். அங்கே போன பிறகு நீ சிரித்ததை நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

பிறகு நீ பெட்டியில் வந்தாய்.

காகிதத்தில் சுகவீனம் என்று போட்டிருந்தது. என்ன சுகவீனம்? எப்போது தொடங்கியது? தண்ணீர் கேட்டாயா, யாராவது கொடுத்தார்களா? பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். திறக்கவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு விடாத மழை. குழியில் தண்ணீர் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் உன்னை இறக்கினோம்.

கருமாதி முடிந்த கையோடு உன்னை அனுப்பிய ஏஜன்ட் வந்தான். வேறு ஒரு வீடு இருக்கிறதாம், நல்ல மனிதர்களாம், பிள்ளையின் வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துவிடலாமாம். சாந்தினி என்னிடம் ஒரு சொல் கேட்காமல் சரி என்று சொல்லி, தன் படங்களையும் கொடுத்துவிட்டாள். அதட்டினேன், கெஞ்சினேன், அண்ணியை விட்டுப் பேசச் சொன்னேன்.

"அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. நீங்க எத்தன நாளைக்கு மாமா இறப்பர் பால் வெட்டி எனக்கும் சேத்துப் பாப்பீங்க? தொரை சோறு போடுவாரா?" என்றாள். உன் சேலை ஒன்றை எடுத்துத் தொரையை மூடினாள். விற்க ஆள் பார்க்கச் சொன்னாள்.

அப்போதுதான் நான் உன் கடைசிப் பேச்சை எடுத்தேன். டவுனில் போன் கடையில் காத்திருந்து நான் மட்டும் பேசிய நாள். நீ சொன்னதை ஒரு சொல் விடாமல் அவளுக்குச் சொன்னேன்: "அண்ணே, எனக்கு என்ன ஆனாலும் எம் புள்ளைய மட்டும் இங்க அனுப்பிராதீங்க. அவ தொரை முன்னால ஒக்காந்து படிச்சு, நாலு பேருக்கு ஒதவி, தல நிமிந்து நிக்கணும். இது நான் ஒங்ககிட்ட கேக்குற கடைசி வரம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் ஏஜன்டிடம் போய்ப் படங்களைத் திருப்பி வாங்கி வந்தாள். சேலையை எடுத்து மடித்து வைத்தாள்.

இப்போது தொரை என்ன செய்கிறார் என்று கேள். வேலை முடிந்து மலையிலிருந்து ஆட்கள் இறங்கியதும் நம்ம வாசலில்தான் நிற்கிறார்கள். பிறப்புச் சான்று இல்லாதவர்கள், அடையாள அட்டை கிடைக்காதவர்கள். அவர்களுக்கான மனுக்களைச் சாந்தினி தமிழிலும் தட்டுகிறாள், சிங்களத்திலும் தட்டுகிறாள். கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் வந்து, "லொகு மஹத்தயா இன்னவாத?" என்று பெரிய ஐயா இருக்கிறாரா எனச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். கரண்ட் இல்லாத நாளைத் தவிர இந்தத் தொரை யாரையும் நாளைக்கு வா என்று சொன்னதில்லை. இடி இடித்தால் முதலில் அவர் வயரைத்தான் பிடுங்குகிறோம், பிறகுதான் கொடியில் கிடக்கிற துணி.

சண்டை நடக்கிற காலம், சரியில்லை புஷ்பம். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிற நம்ம பையன்களை அடையாள அட்டை இல்லை என்று பொலிசில் பிடித்து வைக்கிறார்கள். பக்கத்து லயத்துப் பையன் ஒருத்தன் போனவன் போனவன்தான். அவன் அம்மா சம்பளம் எடுக்கும்போதெல்லாம் வந்து மனு எழுதச் சொல்கிறாள். அதே மனுதான். "பழச எடுத்துக் குடுக்காத பாப்பா, புதுசா அடி," என்கிறாள். பழையது உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும். ஆனாலும் சாந்தினி ஒவ்வொரு தரமும் முதல் எழுத்திலிருந்து அடிக்கிறாள். அந்தத் தாய் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். என் வாயால் கேட்கட்டும்.

அந்தக் கடைசிப் பேச்சில் நீ அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு லைனில் வந்தது, "அண்ணே, கேக்குதா? கேக்குதா அண்ணே?" அவ்வளவுதான். கேக்குது, சொல்லு புஷ்பம் என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். கட்டாகிவிட்டது. மற்றதெல்லாம் நான் கட்டிய கதை.

சாந்தினியின் கை நிற்கவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் அடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தெரியும் மாமா. அம்மா அவ்வளவு நீளமா பேச மாட்டாங்க."

பிறகு ஏன் நீ ஏஜன்டோடு போகவில்லை என்று அவளைக் கேட்டேன். அடுத்த வரி என்ன என்று கேட்டாள்.

அடுத்த வரி இதுதான். நீ சொன்னதாக இனி ஒரு சொல்லும் யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் மகள் வேலைக்குப் போவாள், கலியாணம் முடித்துப் போவாள், அந்த ஏஜன்ட் காட்டிய வழியில் மட்டும் போகமாட்டாள். இது நான் சொல்வது.

உன் அண்ணன்,
சாந்தினியின் தாய்மாமன்,
ராமையா