மாப்பிள்ளை திறந்த கதவு

14.08.2005, ஞாயிறு, ஹட்டன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. மகள் தந்த பிளேஸ்டேஷன் விளையாட்டில் ஒரு பெண் பாழடைந்த கோட்டைக்குள் தாவித் தாவி ஏறுகிறாள், கல் காவலர்களோடு வாள்சண்டை போடுகிறாள். ஒரு கதவு மட்டும் அவளுக்குத் திறக்கவில்லை. கண்ணாடிகளைத் திருப்பித் திருப்பி அதன்மேல் வெளிச்சம் விழச் செய்யவேண்டும். ஒரு வாரமாக அதிலேயே கிடந்தேன். இன்று கடைசிக் கண்ணாடிதான் பாக்கி. குக்கர் விசிலடித்ததால் எழுந்து போனேன்.

திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது. மாப்பிள்ளை சிரிக்கிறார்.

"பாவம், அத்தை கஷ்டப்படுறீங்களேன்னு நானே முடிச்சிட்டேங்க. சேவ் பண்ணியும் வச்சிட்டேன்."

நான் சேவ் பண்ணியிருந்ததன் மேலேயே பண்ணிவிட்டார், அந்தப் பழைய இடத்துக்கு இனித் திரும்ப முடியாது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையை வைய முடியுமா? "ரொம்ப சந்தோஷம், தேத்தண்ணி குடிங்க" என்றேன்.

கணக்குச் சொல்லிக்கொடுத்த காலத்தில், தடுமாறுகிற பிள்ளையின் கையிலிருந்து நான் பென்சிலைப் பிடுங்கியதே இல்லை. மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்கள்கூட அடுத்தவளுக்குப் பிரித்துக்கொடுத்த செடி வரிசையில், அவள் நிரையில், கை வைக்கமாட்டார்கள். உதவிக்கென்று கை வைத்தாலும் சண்டைதான்.

எல்லோரும் படுத்தபின் முதலிலிருந்து தொடங்கினேன். அந்தப் பெண் வாள்கூட இல்லாமல் கோட்டை வாசலில் நின்றாள். தண்ணீர் குடிக்க வந்த மாப்பிள்ளை என் பின்னால் நின்று, "அத்தை, இடது பக்கமா ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, இது என் நிரைங்க. போய்ப் படுங்க."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். காலையில் அவருக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் செய்யவேண்டும். அவருக்கு ஆகாதென்று தெரியும், ஆனாலும் உறைப்பைக் குறைக்கப்போவதில்லை.