பதினேழாம் அறைக்கு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன், படிக்காமல் கிழித்துவிடாதீர்கள். நான் உள்ளலங்கார வேலை எடுத்திருக்கும் கப்பலில், பதினேழாம் அறைக்கு விமானத்துக்கென்று செய்து மிஞ்சிய சுவர்ப்பலகையைப் பொருத்திவிட்டேன். கப்பல் ஆய்வாளர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். கப்பல் விதியைவிட விமான விதி கடுமையானது என்று உங்கள் தீச்சோதனை ஆய்வுக்கூடத் தாளில் ஒரு வரி போதும். பலகைத் துண்டு ஒன்று இணைத்திருக்கிறேன். அண்ணி நலமா?

உங்கள் தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

அண்ணி நலம். சம்பந்தி வீட்டார் முன்னால் "எங்க அண்ணனுக்குத் துணி கொளுத்துற உத்தியோகம்" என்று நீ சிரித்ததை நான் மறக்கவில்லை. இப்போது கொளுத்துகிறவனின் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

விமானப் பலகையை ஒரு நிமிடம் சுடரில் பிடித்துப் பார்ப்போம். ஒன்றரை நிமிடத்தில் எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே கணக்கு. நடுக்கடலில் எங்கே இறங்குவது? பற்றிக்கொண்ட அறையைவிட்டு ஒரு மணி நேரம் தீ வெளியேறக் கூடாது என்பது கப்பலின் கணக்கு. கையெழுத்துக் கிடையாது. துண்டைச் சோதிப்பேன், உனக்காக இல்லை.

அண்ணன்

மார்ச் 14

அன்புள்ள அண்ணா,

அது விளையாட்டுக்குச் சொன்னது. ஆய்வாளருக்கு நம்பிக்கை வரட்டும் என்று நானே அந்த அறையில் தங்கியிருக்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். கட்டிலோரச் சுவர், ஆள் எழுந்துபோன நாற்காலி போல வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்தச் சூடு நேற்று இடுப்புயரத்தில் இருந்தது, இன்று தலைக்கு மேலே போய்விட்டது. வெளியே ஒரு கறையும் இல்லை. பின்னால் ஓடுவது மின்கம்பி மட்டுந்தான். காதை வைத்துப் பார்த்த தச்சர், "உள்ளே யாரோ மூச்சு விடுறாங்க சார்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சோதனை என்னவாயிற்று?

உங்கள் தம்பி

மார்ச் 27

தம்பி,

உன் கடிதம் பதினாறாம் தேதியே வந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள் துண்டைச் சோதித்திருந்தேன். சுடருக்கு அது அசையவில்லை. பின்பக்கம் அரைமணி நேரம் மெல்லச் சூடேற்றினேன். முன்பக்கம் வெள்ளையாகவே இருந்தது; உள்ளே பசை கனன்று கரியாகியிருந்தது. 'வெளியே வா' என்று எழுதியிருக்கலாம். விளையாட்டுக்கு என்கிறானே, முதலில் மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தேன். ஒன்பது நாள்.

நேற்று முன்தினம் கப்பல் மேலாளர் போன் செய்தார், உன் அறை தீப்பற்றிக்கொண்டது என்று. புகையில் உனக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்காதாம். கப்பலின் இரும்புச் சுவர் முழுதாகத் தாங்கியது. பக்கத்து அறைக்காரருக்குச் சூடே தெரியவில்லை. "விதிப்படி நின்னுச்சு சார்" என்றார் மேலாளர், ஆறுதலாக. பக்கத்து அறைக்காரருக்கு யாரோ சுவரைத் தட்டுவது மட்டும் வெகுநேரம் கேட்டதாம். வேலை நடக்கிறது என்று நினைத்தாராம்.

இந்தக் கடிதத்தை உன் அறை எண் போட்டே அனுப்புகிறேன். திரும்பி வந்தால் வாங்க மாட்டேன் என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்